விரல் மடக்காமல்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் மூன்றாம் மாடிக் கூடத்தில் பதினொரு பிள்ளைகள் வலது கையை முன்னால் நீட்டியபடி வரிசையாக நிற்கிறார்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் இருக்கும். கோச் ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு ரப்பர் பந்தை வைத்துக்கொண்டே போகிறார். வைத்த மறுகணமே ஐந்து விரலும் எழுந்து பந்தைக் கவ்விக்கொள்கின்றன. கோச் திரும்பி வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் நிமிர்த்தி வைக்கிறார். அவர் அடுத்த பிள்ளையிடம் நகர்வதற்குள் விரல்கள் பழையபடி கவ்விவிடுகின்றன. என் மகள் வரிசையில் ஆறாவது. சொன்ன பேச்சைக் கேட்டு விரலை நிமிர்த்தினாள். பந்து உருண்டு விழுந்து, மற்றப் பிள்ளைகளின் கால்களுக்கிடையே ஓடி, சுவரோரம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கடியில் வந்து நின்றது.

அன்றைக்கு ஒரு மணி நேரமும் இதுதான் பாடம். துள்ளல் இல்லை, பாட்டு இல்லை, நான் இணையத்தில் பார்த்து மயங்கியிருந்த அந்த வண்ண நாடா கண்ணிலேயே படவில்லை. வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "பந்தைப் புடிக்கவே கூடாதாம்மா. அப்புறம் எப்படிம்மா அது விழாம இருக்கும்?"

மூன்று வருடமாகிறது. ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற இந்த விளையாட்டைப் பற்றி நான் படித்ததும் பார்த்ததும் யோசித்ததும் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள்ளேதான் சுற்றிச்சுற்றி வருகின்றன.

தமிழில் நமக்கு ஏந்துதல் என்று ஒரு சொல் இருக்கிறது. கைக்குழந்தையை ஏந்துகிறோம், விளக்கை ஏந்துகிறோம், மடியேந்துகிறோம். ஏந்தப்படும் பொருள் தன் எடையாலேயே அங்கே இருக்கிறது; கை அதற்குக் கீழே இடம் கொடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிடிப்பது வேறு. பிடிப்பதில் பொருள் தப்பி ஓடிவிடும் என்ற சந்தேகம் இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளையின் கை அதுவரை எதையும் ஏந்திப் பழகியதில்லை. பென்சில், கரண்டி, அம்மாவின் சேலைத் தலைப்பு, திறன்பேசி எல்லாமே பிடிக்கிற பொருள்கள். அந்தக் கையைத் திறந்தே வைத்திருக்கச் சொல்வது எவ்வளவு பெரிய வேண்டுகோள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

பந்து அதற்குத் தோதாகச் செய்யப்பட்ட பொருள். பெரியவர்களின் போட்டிப் பந்து 18 முதல் 20 செ.மீ. குறுக்களவு, 400 கிராமுக்குக் குறையக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறியது. கடற்கரையில் விற்கிற காற்றடைத்த பிளாஸ்டிக் பந்து இதற்கு உதவாது. அதற்கு எடை போதாது, உள்ளங்கையில் உட்காராது. எடை இருந்தால்தான் பந்து கையை நம்பி இருக்கும். நடுவர்களுடைய விதிகளிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது: பந்தை விரல்களால் அழுத்திப் பிடிப்பது கண்ணுக்குத் தெரிந்தால் 0.10 புள்ளி போகும். உலகப் போட்டியில் ஆடுகிற பெண்ணுக்கும் எங்கள் சமூக மன்றத்துப் பிள்ளைக்கும் ஒரே சட்டம்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு நாள், மகளின் வலது உள்ளங்கையில் இருந்த பந்து மெல்ல மணிக்கட்டுக்கு உருண்டது. முழங்கை, தோள், நெஞ்சுக்குழி, இடது தோள், இடது முழங்கை என்று ஒரு பெரிய மணி உருள்வதுபோல உருண்டு இடது உள்ளங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் ஒன்றுமே செய்யாததுபோல் இருந்தது. உண்மையில் தோளைத் துளி இறக்கி, கழுத்தைப் பின்வாங்கி, மூச்சை நிறுத்தி, பந்து போக வேண்டிய சாய்வை உடம்பு முழுக்க உண்டாக்கியிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தைத்தான் பார்த்தாள். பெற்ற பிள்ளை ஒரு பொருளை அத்தனை கவனமாகப் பார்ப்பதை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

ஜெர்மனியில் ஹின்ரிக் மெடாவ் என்று ஒருவர் இருந்தார். 1929-இல் பெர்லினில் உடற்பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவியவர்; இசை தெரிந்தவர், பியானோவில் உட்கார்ந்து மாணவிகளின் அசைவுக்கேற்ப அங்கேயே வாசித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தவர். பந்து, வளையம், கட்டை இவற்றை அவர் மாணவிகளின் கையில் கொடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. கையில் பொருள் இருந்தால் கவனம் தன் உடம்பை விட்டு அந்தப் பொருளுக்குப் போய்விடும், அசைவு இயல்பாகிவிடும். கையை அழகாக வை என்று ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், கை விறகுக் கட்டையாகிவிடும். பந்து விழாமல் பார்த்துக்கொள் என்று சொல்லுங்கள், அழகு கேட்காமலே வந்து சேரும். இதைக் கண்டுகொண்டவரை நான் பெரிய ஆசிரியர் என்றே சொல்வேன்.

அதே காலத்தில் ரஷ்யாவிலும் இந்த விளையாட்டு வேறு வழியில் வளர்ந்தது. இசடோரா டங்கனின் வெறுங்கால் நடனம், டால்குரோஸின் இசைவழி அசைவுப் பயிற்சி இரண்டும் பலருடைய கைபட்டு வந்து, 1934-இல் லெனின்கிராட்டின் லெஸ்காஃப்ட் உடற்கல்வி நிறுவனத்தில் கலை அசைவுக்கென்று ஓர் உயர்பள்ளியாக உருவெடுத்தன. அங்கிருந்துதான் இன்றைய வடிவம். 1963-இல் புடாபெஸ்டில் முதல் உலகப் போட்டி. சோவியத்தின் லுத்மிலா சாவின்கோவா வென்றார். ஒலிம்பிக்ஸில் நுழைய 1984 ஆகிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் போட்டியைச் சோவியத்தும் பல்கேரியாவும் புறக்கணித்திருந்தன. தங்கம் கனடாவின் லோரி ஃபங்குக்குப் போனது.

பரதத்துக்கு அனுப்பியிருக்கலாமே என்று என் மாமியார் இன்றும் கேட்பார். நியாயமான கேள்வி. பரதத்தில் கையே தாமரையாகிறது, மானாகிறது, வண்டாகிறது. இல்லாத பொருளைக் கை உண்டாக்குகிறது. இங்கே பொருள் உண்மையாகவே இருக்கிறது. அது சொன்னபடி கேட்காது. எந்த அபிநயத்துக்கும் பந்து மசியாது. பிள்ளைக்கு இரண்டு கல்வியும் வேண்டும் என்பதே என் எண்ணம். ஆனால் கற்பனை மிகுந்த என் மகளுக்குக் கற்பனைக்கு வளையாத ஒரு பொருள் கிடைத்ததில் எனக்கு நிம்மதி.

பெண்ணும் பந்தும் நமக்கு ஒன்றும் புதிதல்ல. பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானைப் பருவம் என்றே ஒன்று இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி நம் முன்னால் வந்து பந்தடிக்கிறாள். ஆனால் நம் கவிஞர்களின் கண் பெரும்பாலும் வளையிலும் இடையிலுமே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் மணிக்கட்டு என்ன செய்தது, பந்து எந்தக் கணத்தில் கையை விட்டது என்று யாராவது எழுதிவைத்திருக்கக் கூடாதா என்று இப்போது ஏங்குகிறேன்.

வளையம் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போகும். தரையில் நிறுத்தினால் இடுப்பளவு வரவேண்டும் என்பது அவர்களுக்கான கணக்கு. பெரியவர்களுடையது 80 முதல் 90 செ.மீ. உள்விட்டம், 300 கிராமுக்குக் குறையாத எடை. முன்னால் உருட்டிவிடும்போதே மணிக்கட்டால் பின்னோக்கி ஒரு சுண்டு சுண்டினால் வளையம் கொஞ்ச தூரம் போய், யோசித்து, திரும்பி வரும். வீட்டுக்கு வர மனமில்லாத நாய்க்குட்டிபோல அது நின்று திரும்புகிற இடம் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு. வெயிலில் விட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். நெளிந்த வளையம் நேராக உருளாது. அதனால் வட்டப் பையில் போட்டுத் தோளில் மாட்டி எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோவோம். அதைவிட அதிகம் அதைப் பற்றிச் சொல்ல எனக்கில்லை.

கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கைப்பிடி கிடையாது, இரு முனையிலும் முடிச்சு மட்டும். கோச் ஒவ்வொரு பிள்ளையையும் கயிற்றின் நடுவில் ஏறி நிற்கச் சொல்லி, இரு முனையும் அக்குளைத் தொடுகிற இடத்தில் முடிச்சுப் போட்டு மிச்சத்தை வெட்டினார். அப்படியாக அந்தக் கயிறு அந்தப் பிள்ளையின் உடம்பளவே ஆனது. வளர வளர மாற்ற வேண்டும்; பழையது தம்பி தங்கைக்குப் போகும். சீருடைக்குக்கூட இவ்வளவு கச்சிதமாக நாங்கள் அளவெடுத்ததில்லை.

கயிற்றில் ஓர் அசைவு இருக்கிறது. பிரெஞ்சில் எஷப்பே என்பார்கள். தப்பிப்போனது என்று பொருள். ஒரு முனையை விட்டுவிட வேண்டும். விட்ட முனை சாட்டைபோல் வெளியே பறந்து, வட்டமடித்துத் திரும்புகிறபோது கையை அங்கே கொண்டுபோனால் முடிச்சு வந்து உட்காரும். கையைச் சீக்கிரம் நீட்டினால் கயிறு கன்னத்தில் அடிக்கும். தாமதித்தால் தரையில் கிடக்கும். முதல் மாதம் முழுக்கக் கன்னத்தில் அடிதான். ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு நின்றவளைக் கோச் அதட்டவில்லை. பக்கத்தில் வந்து, தானும் கண்ணை மூடி, ஒரு முனையை விட்டார். கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் கண்ணைத் திறந்துகொண்டு முனையை விட்டார்கள். 2011 முதல் பெரியவர்களின் தனிநபர் போட்டியில் கயிறு இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. குதிப்பையும் விடுவதையும் சேர்த்துக் கற்றுத்தருகிற பொருள் வேறு எது?

இரண்டாம் வருடம் கட்டைகள் வந்தன. கிளப்ஸ் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கோச் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடி பருத்து, கழுத்து மெலிந்து, நுனியில் கோலிக்குண்டுபோல் ஒரு குமிழ். திருவையாற்றுப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டின் கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்த கர்லாக்கட்டைகள் அப்படியே சுருங்கி, இளஞ்சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டு சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது.

அது வெறும் தோற்ற ஒற்றுமையல்ல என்று பிறகு தெரிந்தது. இந்தியாவில் மல்லர்களும் சிப்பாய்களும் கட்டை சுற்றுவதைப் பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகள் அந்தப் பழக்கத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1834-இல் லண்டனில் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் இந்தியக் கட்டைப் பயிற்சி படங்களோடு இருக்கிறது. 1860-களில் சைமன் கெஹோ அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், கட்டைகளைச் செய்து விற்றார். பள்ளிகள், படை முகாம்கள், பெண்களின் உடற்பயிற்சிக் கூடங்கள் என்று பரவி, 1904 செயின்ட் லூயி ஒலிம்பிக்ஸிலும் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸிலும் ஆண்களுக்கான ஒரு போட்டியாகவே நடந்தது. எடை குறைந்து குறைந்து, இன்று பெண்பிள்ளைகளின் கையில் ஒன்று 150 கிராம், 40 முதல் 50 செ.மீ. நீளம். சின்னவர்களுக்கு அதிலும் சிறியது.

தாத்தாவின் கட்டை ஒன்று நாலு கிலோவாவது இருக்கும். விடியற்காலை, கிணற்றடியில் பல் விளக்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளுக்குப் பின்னால் சுற்றுவார். காற்று கிழிபடுகிற ஒரு சத்தம் வரும். பேரன்களுக்கு ஏழெட்டு வயதில் ஒரு சின்னக் கட்டை செய்து கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா, தோள் அகண்டுடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். யாரும் இல்லாத நேரத்தில் பெரியதையே தூக்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் குமிழைப் பிடித்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கியதும் அது என்னையே ஒரு பக்கமாக இழுத்துச் சாய்த்தது. அந்த இழுப்பு இன்னும் என் வலது தோளில் ஞாபகமாக இருக்கிறது.

மகள் கற்றதும் அந்த இழுப்பைத்தான். இரண்டு மணிக்கட்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு, கட்டைகள் ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி சின்னச் சின்ன வட்டம் போட வேண்டும். மில் என்பார்கள், காற்றாலை இறக்கைபோல. குமிழை இரண்டு விரலுக்கிடையே தளர்வாக விட்டால் கட்டை தன் எடையால் தானே சுற்றும். இறுக்கினால் நின்றுவிடும், இரண்டும் மோதி டக்கென்று சத்தம் வரும். வீட்டில் மாதக்கணக்கில் அந்த டக் டக். ஒரு முறை ஊருக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது பெரியப்பா, "அங்க என்னடி சத்தம்?" என்றார். "உங்க பேத்தி கர்லாக்கட்டை சுத்துறா பெரியப்பா" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தாத்தா சொல்லுவாரு, கட்டையை நீ சுத்தாத, அது சுத்தட்டும், நீ வழி விடுன்னு. அவகிட்ட சொல்லு" என்றார். நான் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

நாடாவுக்கு வருகிறேன். எல்லோரும் இந்த விளையாட்டில் முதலில் காண்பதும் பிள்ளைகள் அழுது கேட்பதும் அதைத்தான். நானும் அவசரப்பட்டு அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்குப் போட்டி நாடா ஒன்றையே வாங்கிவிட்டேன். 6 மீட்டர் சாட்டின். 13 வயதுக்கு மேற்பட்ட இளையோருக்கே 5 மீட்டர்தான் என்பது எனக்குத் தெரியாது. அவள் கையை எவ்வளவு வீசினாலும் முதல் இரண்டு மீட்டர்தான் அசைந்தது. மிச்சம் தரையில் செத்த பாம்புபோல் கிடந்தது. அவள் தன்னால் முடியவில்லை என்று அழுதாள். தப்பு அவள் கையில் இல்லை, நான் வாங்கிய நீளத்தில் இருந்தது. பிள்ளையின் அளவுக்குப் பொருளைத் தேடாமல் என் ஆசையின் அளவுக்குத் தேடினேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. கோச் அதை வெட்ட வேண்டாம், மடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, 3 மீட்டர் நாடா ஒன்றை இரவல் கொடுத்தார். அன்றே அது காற்றில் எழுந்தது.

மற்றப் பொருள்களுக்கெல்லாம் ஓய்வு உண்டு. பந்து உள்ளங்கையில் இருக்கலாம், வளையம் கழுத்தில் இருக்கலாம். நாடாவுக்கு அது கிடையாது. கை நின்ற கணத்தில் அது இறங்கத் தொடங்கிவிடும். நடுவர் பார்ப்பதும் அதைத்தான்: பாம்பு நெளிவோ சுருளோ, நாலைந்து அலை ஒரே உயரத்தில், நெருக்கமாக, வால்முனைவரை உயிரோடு இருக்க வேண்டும். குச்சியை ஒட்டிய முதல் ஒரு மீட்டரை இரட்டையாக மடித்துத் தைத்திருப்பார்கள்; கையின் செய்தி கடைசி முனைவரை போக அந்தக் கனம் தேவை. நாடா வகுப்பென்றால் கூடத்தின் மின்விசிறிகளை நிறுத்திவிடுவோம். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் முதுகு நனைந்துவிடும். வியர்த்த கையில் நாடா ஒட்டும், காலில் சுற்றும், முடிச்சு விழும். போட்டியில் முடிச்சு விழுந்தால் பாட்டு நிற்காது. அவிழ்க்க வேண்டும், அல்லது தளத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் மாற்று நாடாவை ஓடிப்போய் எடுக்க வேண்டும். 90 நொடிக்கு மேல் போகாத ஆட்டத்தில் அந்த ஐந்து நொடி ஒரு யுகம்.

விழுவதற்கென்று இந்த விளையாட்டில் ஒரு கணக்கே இருக்கிறது. பொருள் கைதவறி, நகராமலே எடுத்துவிட்டால் 0.5 போகும். ஒன்றிரண்டு அடி நகர்ந்து எடுத்தால் 0.7. மூன்று அடியோ அதற்கு மேலோ என்றால் முழுசாக 1. பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாமா என்று முதலில் தயங்கினேன். மகளோ இதை விரும்பிக் கேட்டுக்கொண்டாள். விழுவது உலகம் முடிந்த சமாச்சாரமல்ல, விலை தெரிந்த ஒரு சமாச்சாரம் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

நாங்கள் சேர்ந்து பார்த்த இரண்டு ஒலிம்பிக் காட்சிகள் உண்டு. 2016 ரியோவில் முன்னணியில் இருந்த ரஷ்யாவின் யானா குத்ரியாவ்த்சேவா கட்டை ஆட்டத்தின் கடைசியில் ஒரு கட்டையைத் தவறவிட்டார். தங்கம் அவருடைய தோழி மார்கரிட்டா மாமுனுக்குப் போனது. மாமுனின் தந்தை வங்கதேசத்தவர். மகள் வென்ற சில நாளில் காலமானார். 2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ போட்டியில் இஸ்ரேலின் லினோய் அஷ்ராம் கடைசிச் சுற்றில் நாடாவைத் தவறவிட்டார். அப்படியும் தங்கம் அவருக்கே கிடைத்தது. ஒருவர் விழவிட்டுத் தோற்றார், ஒருவர் விழவிட்டு வென்றார். மகள் அஷ்ராமின் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "பாரும்மா, கீழ விழுந்ததும் யார் மூஞ்சியையும் பார்க்கல. நாடாவத்தான் பார்க்குறாங்க" என்றாள்.

இனி எழுதப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி. எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்.

சமூக மன்றத்துக்கு வருவதற்கு முன்னால் வேறோர் இடத்தில் ஒரு மாதிரி வகுப்புக்குப் போயிருந்தோம். அங்கே பொருள் எதையும் கொடுக்கவில்லை. பிள்ளைகளைக் கால் அகட்டி உட்கார வைத்திருந்தார்கள். பயிற்றுநர் ஒரு பிள்ளையின் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து, தன் எடையைச் சேர்த்துக் கீழே அழுத்தினார். அந்தப் பிள்ளை சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெற்றோர் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வகுப்பு முடிந்து வெளியே வந்த பிறகுதான் மகளிடம் இனி இங்கே வரவேண்டாம் என்றேன். எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

இது எங்கோ ஒரு மூலையில் நடந்த ஒன்றல்ல. 2020-இல் சுவிட்சர்லாந்தில் மாக்லிங்கன் தேசியப் பயிற்சி மையத்தில் பயின்ற பெண்கள், சிறுமிகளாக இருந்தபோது தாங்கள் பட்ட வலியையும் அவமானத்தையும் பெயர் போட்டு வெளியே சொன்னார்கள். 2022-இல் இத்தாலியின் முன்னாள் வீராங்கனைகள், நாள்தோறும் எடை பார்க்கப்பட்டதையும் எல்லோர் முன்னிலையிலும் இழிவுபடுத்தப்பட்டதையும் சொன்னார்கள். நாடாவுக்கு 35 கிராம், கட்டைக்கு 150 கிராம் என்று குறைந்தபட்ச எடையை விதியில் எழுதிவைத்திருக்கிற விளையாட்டு இது. இதைவிடக் குறைந்தால் போட்டிக்கு ஆகாது என்று பொருளுக்காகக் கவலைப்படுகிறது. சிறுமிகளுக்கோ எடை எவ்வளவு குறைந்தாலும் போதவில்லை.

நான் பயிற்றுநர் இல்லை. ஆனாலும் இவ்வளவு நாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் ஒன்றைத் திடமாக நம்புகிறேன்: பத்து வயதுக்குள் ஒரு பிள்ளைக்கு இந்த விளையாட்டை அறிமுகப்படுத்துகிறோம் என்றால் பொருள்களைத்தான் முதலில் அறிமுகப்படுத்த வேண்டும், உடம்பை அல்ல. பந்தோடும் கயிற்றோடும் சிநேகமான பிள்ளையின் முதுகு, அந்தப் பந்தைத் துரத்திப் போகிற ஆசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வளையும். முதலில் முதுகை வளைத்துவிட்டுப் பிறகு பந்தைக் கொடுத்தால் பந்தும் ஒரு தண்டனைக் கருவியாகிவிடும். வளையாத முதுகோடே கடைசிவரை மகிழ்ச்சியாகப் பந்து உருட்டுகிற பிள்ளைகளும் எங்கள் கூடத்தில் இருக்கிறார்கள். கோச் அவர்களையும் அதே பொறுமையோடுதான் விரல் நிமிர்த்திவிடுகிறார். பதக்கம் எண்ணுகிறவர்களுக்கு அவரைத் தெரியாது.

ஒரு பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு மலாய்ப் பிள்ளையின் தம்பி, நாலு வயது. அக்காவைக் கொண்டுவந்து விட அம்மாவோடு வருவான். ஓய்வு நேரத்தில் நாடாவை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடுவான். எந்தப் பெண்பிள்ளைக்கும் அமையாத நீளத்தில் அலை எழும். ஒலிம்பிக்ஸில் இந்த விளையாட்டு இன்றுவரை பெண்களுக்கு மட்டும். ஸ்பெயினில் ஆண்களும் போட்டியிடுகிறார்கள். ஜப்பானில் ஆண்களுக்கென்று தனியான மரபே வளர்ந்திருக்கிறது. குச்சி, சிறு வளையங்கள், கயிறு, கட்டை இவைதான் அதில்; நாடாவும் பந்தும் கிடையாது. ஆக இந்தச் சின்னவன் ஜப்பானில் பிறந்திருந்தாலும் அவனுக்குப் பிடித்த நாடா கிடைத்திருக்காது. கோச் அவனுக்கு ஒரு குச்சியும் இரண்டு மீட்டர் சாட்டின் துண்டும் சேர்த்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். வரிசையில் பன்னிரண்டாவதாக இப்போது அவன் நிற்கிறான்.

அடுத்த வாரம் பள்ளிகளுக்கிடையே ஒரு சின்னப் போட்டி. மகள் நாடாதான் ஆடப்போகிறாள், 4 மீட்டர். அவளுக்கு ஒன்பது வயதாகிறது. நேற்று இரவு அதைத் தேய்க்க உட்கார்ந்தோம். கசங்கிய நாடா காற்றில் சரியாக எழாது. ஆட்டத்துக்கு முன்னால் தேய்த்தே ஆக வேண்டும். எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் நாலு மீட்டரை நீட்ட வேண்டுமென்றால் சமையலறை வாசலில் ஒருவரும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்க வேண்டும். நடுவில் இஸ்திரி மேசை. என் கணவர் தேய்க்க, நான் வால்முனையையும் மகள் குச்சிப் பக்கத்தையும் வைத்திருந்தோம். துணி தொய்யாமல் இருக்கட்டுமென்று நான் இழுத்தேன்.

"இழுக்காதம்மா. சும்மா வச்சிரு."

விரலைத் தளர்த்தினேன். நாடா நடுவில் கொஞ்சம் தொங்கியது. அவர் குறைந்த சூட்டில், அந்தத் தொங்கலோடேயே, தன் பக்கத்திலிருந்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். இரட்டையாகத் தைத்த அந்த முதல் மீட்டரில்தான் நேரம் எடுத்தது. தையலோரம் ஒரு சுருக்கம் போகவே இல்லை. மகள் குனிந்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, "இப்ப வைங்கப்பா" என்றாள்.